மழை மாதங்களுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி? கரண்ட் பில்லும் ஏறக்கூடாது!

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. டிசம்பரில் நுவரெலியாவில் கம்பளி தேடும்போது நாம் இங்கே ஃபேனை ஒரு நம்பர் குறைப்போம், அவ்வளவுதான். நமக்கு வாய்த்தது மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேரத்து இடிமழை. இந்த மாதங்களில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் ஈரம்தான். காயாத உடுப்பை அயன் பண்ணியே காயவைக்கிறோம், குளிக்கச் சுடுதண்ணீர் போடுகிறோம். ஈரத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டு, மீறி வந்ததைச் சூடாக்காமல் காற்றால் போக்கினால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் மீட்டர்

பில் எழுத வந்த நாளில் மீட்டரில் உள்ள எண்ணைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 15 நாள் கழித்து மறுபடி பாருங்கள். வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் மாத முடிவில் எங்கே நிற்பீர்கள் என்று தெரியும்.

ஏன் இது முக்கியம்? வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். படி ஏற ஏற மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாயை இங்கே எழுதவில்லை, உங்கள் பில்லிலேயே பார்க்கலாம். 15 நாளில் 32 யூனிட் ஓடியிருந்தால் மீதி 15 நாளில் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது நல்லது.

2. தண்ணீர் வரும் வழிகளை அடைத்துவிடுங்கள்

மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கூரைப் பீலியில் சேர்ந்த இலைகளை அள்ளுங்கள். அடைபட்ட பீலி வழிந்து சுவரை நனைக்கும், நுளம்பும் அங்கேதான் முட்டையிடும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு என்றால் விலகிய ஓடுகளைச் சரிசெய்யுங்கள். வெள்ளவத்தையில் கடல் பார்த்த தொடர்மாடி என்றால் மேற்கு ஜன்னல்கள்தான் வில்லன்; தென்மேற்குக் காற்று மழையை நேரே அதன் மேல்தான் அடிக்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளுக்கு சிலிக்கன் பூசுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

3. உடுப்பு காயவைத்தல்

பணம் அதிகம் போவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். துணியிலிருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் வேண்டும். 70 வோட்ஸ் ஃபேனோ 10 மணிநேரம் ஓடினால்தான் அந்த 0.7 யூனிட் வரும். அதற்குள் ஒரு கொடி உடுப்பே காய்ந்துவிடும்.

ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் இருக்கும், பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே மழை இறங்கும். அதனால் துவைப்பதை இரவிலோ விடியவோ முடித்து, காலை 7 மணிக்குள் வெளியே போட்டுவிடுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. எந்த நேரமும் பெய்யும். அப்போது இப்படிச் செய்யுங்கள்:

மெஷினில் கடைசிச் சுற்றலை மட்டும் இரண்டாம் முறை ஓடவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களுக்குச் செலவு மிகக் குறைவு, பிழிந்து வரும் தண்ணீரோ அதிகம். அப்புறம் ஃபேனுக்குக் கீழே, துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கொடி கட்டுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அதே ஈரம் சுவரில்தான் போய் ஒட்டும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளை முதலில் போடுங்கள். காலை 6 மணிக்கு ஈரச் சட்டையோடு அயன் பெட்டியைத் தேடும் கூத்து யாருக்கு வேண்டும்? அயன் பண்ணுவதை வாரத்தில் ஒருநாள் மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. சுடுதண்ணீர்

உடனடியாகச் சூடாக்கும் ஷவர் பெரும்பாலும் 3,500 வோட்ஸ் அளவில் இருக்கும். ஒருவர் 10 நிமிடம் குளித்தால் கிட்டத்தட்ட 0.6 யூனிட். நான்கு பேர் தினமும் குளித்தால் மாதம் 70 யூனிட்! 60க்குள் நிற்க நினைப்பவர்களுக்கு அதோடு கதை முடிந்தது.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்றால் கேத்தல் போதும். வாளியில் 6 லீற்றர் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். அதன் மேல் ஒன்றரை லீற்றர் கொதிநீர். இளஞ்சூடாக வரும், செலவு 0.15 யூனிட் அளவுதான். ஊற்றும் வரிசையை மாற்றாதீர்கள், வெறும் கொதிநீர் உள்ள வாளிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பது ஆபத்து.

5. ட்ரிப் சுவிட்ச், இடி, வெள்ளம்

ட்ரிப் சுவிட்சில் (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) உள்ள சிறிய டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மழைக்கு முன்பே மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

மழையில் அது திரும்பத் திரும்ப விழுந்தால்: எல்லாச் சிறிய பிரேக்கர்களையும் கீழே இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. அநேகமாக வாசல் லைட்டிலோ அழைப்பு மணியிலோ தண்ணீர் புகுந்திருக்கும். அந்த பிரேக்கரை இறக்கியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பாவிக்கலாம். ஈரக் கையோடு இதைச் செய்யாதீர்கள்.

இடி தொடங்குமுன் டிவி, ரவுட்டர் பிளக்குகளையும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் நான்கு மணிநேரம் தாங்கும். மோட்டரால் தண்ணீர் ஏறும் தொடர்மாடி என்றால் முதல் நாளே இரண்டு வாளி நிரப்பி வையுங்கள்.

கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்வான இடங்களில் களனி கங்கை ஏறுகிறது என்ற எச்சரிக்கை வந்தால், தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே மெயின் சுவிட்சை இறக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. வெள்ளம் வடிந்ததும் பிரிட்ஜையோ மோட்டரையோ உடனே பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே முழுதும் காய்ந்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்த பிறகே போடுங்கள்.