ஜிரோனாவிலிருந்து கடலுக்கு: கிராவல் சைக்கிளில் இரண்டு நாள் போய்வருவது எப்படி

ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவின் வடகிழக்கில், ஜிரோனா நகரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே லெஸ் கவாரெஸ் என்றொரு மலைத்தொகுதி இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் உச்சியே 500 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும், ஆனால் அதற்குள் ஓடும் மண்பாதைகளுக்குக் கணக்கே இல்லை. மண், சரளைப் பாதைகளுக்கென்று அகன்ற டயரோடு வரும் கிராவல் சைக்கிளில் முதன்முதலாக நீண்ட பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். காலில் பெரிய பலம் வேண்டும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இங்கே ஒரு நாளைக் கெடுப்பது பெரும்பாலும் நேரக் கணக்குதான்: தவறான மாதம், தவறான மணி, காற்றுக்கு எதிர்த்திசை. அதனால் வரைபடத்தைத் திறப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், இந்த மூன்று மாதங்கள் மிக நல்லவை. ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டுத்தீ அபாயம் கூடினால் போக நினைத்த பாதையே மூடியிருக்கும். கத்தலோனிய அரசு ‘ப்ளா ஆல்ஃபா’ என்ற பெயரில் தீ அபாய நிலையைத் தினமும் வரைபடமாக வெளியிடுகிறது. அது உச்ச நிலைக்குப் போனால் காட்டுக்குள் நுழையக் கட்டுப்பாடு வந்துவிடும். கோடையில் போகத்தான் வேண்டும் என்றால் முந்தின நாள் இரவே அதைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். இலையுதிர் காலத்தில் வேறு சங்கதி: கிழக்குக் காற்றோடு வரும் பெருமழைக்குப் பிறகு, நேற்றுவரை மணலாகக் கிடந்த ஓடைகள் பாதையின் குறுக்கே வெள்ளமாய் ஓடும். தரை தெரியாத தண்ணீருக்குள் சைக்கிளை இறக்காதீர்கள், முழங்காலளவுதான் என்று தோன்றினாலும் சரி.

அப்புறம் காற்று. வடக்கே பிரெனீஸ் மலையிலிருந்து இறங்கி வரும் காற்றுக்கு இங்கே ‘ட்ரமுண்டானா’ என்று பெயர். பிடித்தால் சில நாள் விடாது. நான் ஒருமுறை பால்ஸ் ஊரைச் சுற்றியிருக்கும் நெல்வயல் சமவெளியில் அதற்கு எதிரே மாட்டிக்கொண்டேன். சமதரையில், மிகச் சிறிய கியரில், மலையேறுகிற வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தேன். ட்ரமுண்டானா வீசும் நாளில் சமவெளியைத் தொடாமல் மரங்களுக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. வெயில் நாட்களின் பிற்பகலில் தெற்கிலிருந்து ‘கர்பீ’ எழும்பும். அது இந்த அளவுக்குப் படுத்தாது.

இனி சைக்கிள். இந்த வட்டாரத்துப் பல பாதைகளில் கிடப்பது ‘சவுலோ’ என்று உள்ளூரில் சொல்லும், கருங்கல் உதிர்ந்து உண்டான பருமணல். அழுத்தி இறுகிய இடத்தில் சிமெண்ட் தரை போல ஓடும். உதிரியாகக் கிடக்கும் வளைவில், டயருக்கடியில் கடுகைக் கொட்டியது போல உருட்டிவிடும். அதனால் டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 45 இருந்தால் இன்னும் நிம்மதி. காற்றை இறுக்கி அடிக்காதீர்கள். சராசரி எடையுள்ளவருக்கு 2 முதல் 2.5 பார் அழுத்தம் போதும், கல்லில் சக்கர விளிம்பு இடிக்காத அளவுக்கு. வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போனபின் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். இது ஒன்றைப் பழகினாலே இங்கே விழுவது பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில், துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றிக்கொண்டு வருவது வசதிக்காக மட்டுமில்லை. நம் நெருஞ்சி இருக்கிறதே, அதே நெருஞ்சி இந்தக் கடலோரங்களிலும் வளர்கிறது. காய்ந்த முள் டயரில் ஏறினால் ஒன்றோடு நிற்காது. பிடுங்கிப் போட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், சீலன்ட் துளையை அடைத்துக்கொள்ளும். இருந்தாலும் ஒரு டியூபும் பம்பும் கட்டாயம். கியரில், முன் பல்சக்கரத்துக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய பல்சக்கரம் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். மலை சிறியதுதான், ஆனால் ஏற்றங்கள் திடீரென்று செங்குத்தாகும்.

சொந்த சைக்கிள் இல்லாவிட்டால் ஜிரோனாவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். தொழில்முறைப் பந்தய வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர் என்பதால் நல்ல கடைகள் இருக்கின்றன. சொந்த சைக்கிளோடு பார்சிலோனாவிலிருந்து வருபவர்கள் வட்டார ரயிலில் ஏறுங்கள், அப்படியே உருட்டி ஏற்றலாம். அதிவேக ரயில் என்றால் கழற்றிப் பையில் கட்ட வேண்டியிருக்கும்.

முதல் நாள் எளிது, வேண்டுமென்றே எளிதாக வையுங்கள். ஜிரோனாவிலிருந்து சான் ஃபெலியூ டி கீஷோல்ஸ் துறைமுகம் வரை 1892இல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள், 1969இல் மூடினார்கள். தண்டவாளம் போன தடம் இன்று சைக்கிள் பாதை. ‘கரிலெட்’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். க்வார்ட், கசா தே லா செல்வா வழியாக ல்யகொஸ்தேரா வரை தெரியாத அளவுக்கு ஏறி, பிறகு கடலை நோக்கி இறங்கும். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. ஆனால் பாதை பல இடங்களில் சாலைகளைக் குறுக்கே கடக்கிறது, அங்கெல்லாம் நின்று பார்த்துத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளும் நடப்பவர்களும் நிறைய வருவார்கள், வேகத்தை அன்று மறந்துவிடுங்கள்.

காலை 9 மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குக் கடற்கரை. மீதி நேரத்தை ஊருக்குக் கொடுங்கள், பழைய மடத்தின் போர்டா ஃபெராடா வளைவுகளைப் பாருங்கள். கடலையொட்டிப் பாறைமேல் போகும் ‘கமீ தே ரோண்டா’ பாதையைப் பார்த்தால் சைக்கிளை இறக்க ஆசை வரும். வேண்டாம். கடத்தல்காரர்களைப் பிடிக்கக் காவலர்கள் நடந்து திரிந்த பாதை அது, படிக்கட்டும் நடப்பவர்களுமாக இருக்கும். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தே போங்கள். கடலைப் பார்த்தபடியே மிதிக்க வேண்டுமென்றால் தெற்கே டோசா தே மார் போகும் தார்ச்சாலை இருக்கிறது. வளைவுக்கு மேல் வளைவு, கூட்டமில்லாத மாதத்தில் அதிகாலையில் போனால் அதற்கு ஈடில்லை.

இரண்டாம் நாள்தான் உண்மையான கிராவல். இதற்கு விடிந்ததும் கிளம்ப வேண்டும். கரிலெட்டில் சாந்தா க்ரிஸ்தீனா தாரோ வரை திரும்பி வந்து, அங்கிருந்து ரொமன்யா தே லா செல்வாவுக்கு ஏறுங்கள். ஊருக்குப் பக்கத்தில் கோவா தென் தைனா என்ற பெருங்கற்காலக் கல்லறை மரங்களுக்கு நடுவே நிற்கிறது, பத்து நிமிடம் நிற்கத் தகுந்த இடம். அதற்கப்புறம் வடக்கே, பாட்டில் அடைக்கும் தக்கையைப் பட்டையாகத் தரும் கார்க் ஓக் மரக்காடு. பட்டை உரித்த அடிமரங்கள் செம்பழுப்பாக நிற்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள், மரம் சாகாமல் மறுபடி பட்டை கட்டுகிறது.

இந்தக் காட்டுக்குள் கடை கிடையாது. ரொமன்யாவைத் தாண்டினால் அடுத்து வரும் மொனெல்ஸ் ஊர் வரை கையில் இருப்பதுதான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுகளில் ‘ஐகுவா நோ ட்ரக்டாடா’ என்று எழுதியிருந்தால் சுத்திகரிக்காத தண்ணீர் என்று பொருள், தலையை நனைக்க மட்டும் அது. ஊர்க்கடைகள் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு மூடினால் மாலைதான் திறக்கும். ஞாயிறு காலையில் ரொட்டிக் கடை திறந்திருக்கும், அதை நம்பலாம்.

அறிவிப்புப் பலகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே பிரித்த சின்னத் தகடு வேட்டை நிலத்தின் எல்லையைக் காட்டுகிறது, உங்களைத் தடுக்கவில்லை. ‘ப்ரொஹிபிட் எல் பாஸ்’ என்றிருந்தால் தடை, திரும்பிவிடுங்கள். குளிர்கால வார இறுதியில் ‘பட்டூடா’ என்ற பலகை கண்ணில் பட்டால் முன்னால் காட்டுப்பன்றி வேட்டை நடக்கிறது, துப்பாக்கிகள் இருக்கின்றன. எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தாலும் வேறு வழி பிடியுங்கள். இன்னொன்று, கார்கள் நுழையாதிருக்கப் பாதையின் குறுக்கே சங்கிலி கட்டியிருப்பார்கள். நிழலில் அது தெரியவே தெரியாது. இறக்கத்தில் பாதையோரம் இரண்டு கம்பங்கள் எதிரெதிரே தென்பட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

பண்ணை வீட்டு நாய் குரைத்து வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, நடந்தே கடந்துவிடுங்கள். ஓட்டம் பிடித்தால்தான் துரத்தும். ஊருக்கு வெளியே சாலையில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். அவசரத்துக்கு 112.

மொனெல்ஸின் வளைவுகள் சூழ்ந்த சதுக்கத்தில் சாப்பிட்டு உட்காருங்கள், வெயில் தாழட்டும். பிறகு மதரெமன்யா வழியாக எல்ஸ் ஆஞ்செல்ஸ் ஏற்றம், இந்தப் பயணத்தின் கடைசி ஏற்றம். மேலே இருக்கும் சிறு கோயிலில்தான் 1958இல் ஓவியர் சல்வதோர் தாலியும் அவர் துணைவி காலாவும் மணம் செய்துகொண்டார்கள். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் பிரெனீஸ், மறுபக்கம் காலையில் விட்டுவந்த கடல். அங்கே காற்றுச்சட்டையை மாட்டி, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிரோனாவுக்கு இறங்கும் சாலை மாலையில் நிழலுக்குள் போய்விடும், வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.