தொழிற்பயிற்சிக்கான உதவித்தொகைகளைத் தவறவிடாமல் பெறுவது எப்படி? குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதிகளில், விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நீடிக்கிறது. மலையோரத்தில் ரப்பர் பால்வெட்டும் வேலையும் அந்த மாதங்களின் மழையால் அடிக்கடி முடங்கிவிடுகிறது. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர் சேர்க்கை நடப்பதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். வீட்டில் வரவே இல்லாத அந்த வாரங்களில் சான்றிதழுக்காக அலையத் தொடங்குகிற குடும்பம், பாதி வழியில் சோர்ந்து, பிள்ளையைக் கிடைத்த கூலி வேலைக்கு அனுப்பிவிடுகிறது. அரசின் உதவி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் படிப்பை இழப்பதில்லை; உதவி வந்து சேரத் தேவையான தாள்கள் உரிய நேரத்தில் தயாராகாததால்தான் இழக்கிறார்கள். ஆகவே இந்த வேலைகளை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், என்னென்ன கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். நாகர்கோவில் கோணத்தில் உள்ளது போன்ற அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையுடன் பாடப்புத்தகம், சீருடை, காலணி, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் வழியாகவும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் வழியாகவும் மாதம் 1,000 ரூபாய் தனியே வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஐ.டி.ஐ. தரும் 750 ரூபாயையும் இந்த 1,000 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 1,750 ரூபாய் ஆகிறது. மார்த்தாண்டத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ தினமும் வந்துபோகும் பிள்ளைக்கு, வீட்டில் கை நீட்டாமல் படிப்பை முடிக்க இது பெரிய துணை.

வேறு கல்வி உதவித்தொகை பெறுபவர்களும் அந்த 1,000 ரூபாயைப் பெறலாம்; இதை அறியாமல் ஒன்றைப் பெற்றதும் மற்றதைக் கைவிடுபவர்கள் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் தமிழக அரசு உதவித்தொகை வழங்குகிறது. நம் மாவட்டத்தில் பலருக்கு இது பொருந்தும். தந்தையோ தாயோ கட்டுமானத் தொழிலாளர், மீனவர் அல்லது அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால், அதன் வழியாகவும் பிள்ளையின் படிப்புக்கு உதவி உண்டு. ஆனால் உறுப்பினர் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் சேரும் பெண்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வழங்கும் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி அடிப்படையில் தேர்வு செய்யப்படுபவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய்.

அடுத்தது தாள்கள். எங்கும் சிக்குவது பெயர்தான். கடலோர ஊர்களில் ஒரே பையனின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஆன்றனி என்றும், ஆதாரில் அந்தோணி என்றும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் இடம் மாறியும் இருப்பதைக் காணலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தை ஏற்றும்போது ஓர் எழுத்து மாறினாலும் அது திரும்பி வந்துவிடக்கூடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது கடினம். எனவே அதிலுள்ள பெயருக்கும் பிறந்த தேதிக்கும் ஏற்ப ஆதாரைத் திருத்திக்கொள்வதே எளிய வழி. அது முடிந்த பிறகே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது, தடைக்கால மாதங்களையும் வேலையில்லாத நாள்களையும் கணக்கில் கொண்டு உண்மையான ஆண்டு வருமானத்தைச் சொல்லுங்கள். நல்ல மீன்பாடு கிடைத்த ஒரு மாத வரவைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்னால், உரிய உதவி கைநழுவிப் போகும்.

வங்கிக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். பணம், மாணவரின் ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்குடன் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கிற்கே செல்கிறது. விண்ணப்பத்தில் எழுதிய கணக்கிற்குச் செல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது. சிறுவயதில் பள்ளி மூலம் தொடங்கிய கணக்கு, பயன்படுத்தாமல் விட்டதால் முடங்கிக் கிடக்கலாம். வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, அந்தக் கணக்கு இயங்குகிறதா, ஆதார் இணைப்பு அதில்தான் உள்ளதா என்று கேளுங்கள். கைப்பேசி எண்ணை அடிக்கடி மாற்றாமல் இருப்பதும் முக்கியம்.

களியக்காவிளை போன்ற எல்லை ஊர்களில் கேரளப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் உள்ளனர். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியவை என்பதால், பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் தவணை வருவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரையிலான செலவுக்குச் சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். வருகைப் பதிவு குறைந்தால் உதவித்தொகையும் தேர்வு எழுதும் உரிமையும் பாதிக்கப்படும். நெடுநாள் பணம் வரவில்லையென்றால் முதலில் பயிற்சி நிலைய அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால், திங்கள்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், விண்ணப்ப எண்ணும் ஆதார் இணைப்புச் சான்றும் சேர்த்து மனு கொடுங்கள்.

கடைசி ஆண்டிலேயே தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்கான தேசிய இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். அண்டை மாவட்டத்தில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை இப்பயிற்சிக்கு எடுக்கின்றன, பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு. அறிவிப்பு வெளியான பிறகு பதிவைத் தொடங்கினால், பெயர்ப் பொருத்தமும் வங்கி இணைப்பும் மீண்டும் சரிபார்க்கப்படுவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடக்கூடும்.