வைஃபை கன்ட்ரோலருக்கு இரண்டு அப்லிங்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடுதியோ பள்ளியோ, வைஃபை கன்ட்ரோலர் (ஏபிகளை, அதாவது வைஃபை தரும் பெட்டிகளை, ஒரே இடத்திலிருந்து நடத்தும் கருவி) வைத்தால் அப்லிங்க், அதாவது அதை நெட்வொர்க் சுவிட்சோடு சேர்க்கும் இணைப்பு, இரண்டாகக் கேட்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுகிறார்கள். கிரிம்பிங் கோளாறு, ஐபி தப்பு எல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆக்டிவ்

இரண்டு லிங்க்கையும் ஒன்றாகக் கட்டுவதற்குப் பெயர் லேக்; சுவிட்ச் பக்கம் அதை போர்ட்-சேனல் என்பார்கள். சிஸ்கோவின் பழைய ஏர்ஓஎஸ் மென்பொருளில் ஓடும் கன்ட்ரோலர்களுக்கு எல்ஏசிபி, அதாவது இரு முனையும் பேசி இந்தக் கட்டை உறுதிசெய்யும் முறை, தெரியாது. சுவிட்சில் ‘மோட் ஆன்’ மட்டுமே போட வேண்டும்; எல்ஏசிபிக்கான ‘மோட் ஆக்டிவ்’ கூடாது. சுவிட்சின் ‘ஷோ ஈதர்சேனல் சம்மரி’ கட்டளையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெரிய ‘பி’ வர வேண்டும். சின்ன ‘எஸ்’ வந்தால் அந்த போர்ட் சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது. கன்ட்ரோலரில் லேக் போட்டால் ரீபூட் உண்டு, ஆகவே இரவில் செய்யுங்கள்.

நடுவில் மீடியா கன்வெர்ட்டர்

பணத்தையும் நாட்களையும் தின்பது இதுதான். மலைச்சரிவில் கட்டடங்கள் மேலும் கீழுமாக இருக்கும். காப்பர் 100 மீட்டரைத் தாண்டாது என்பதால் கன்ட்ரோலருக்கும் கோர் (மைய) சுவிட்சுக்கும் நடுவே ஃபைபர் இழுக்கிறார்கள். எஸ்எஃப்பி (ஃபைபரை நேராக போர்ட்டில் செருக உதவும் சிறு மாட்யூல்) செலவை மிச்சப்படுத்த இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரைக் காப்பராக மாற்றும் தனிப் பெட்டி) வைத்துவிடுகிறார்கள்.

ஆடிக் காற்றில் கற்பூர மரம் சாய்ந்து ஒரு ஃபைபர் அறுகிறது. கன்வெர்ட்டருக்குக் கரண்ட் இருப்பதால் சுவிட்ச் போர்ட்டில் லைட் எரிந்துகொண்டே இருக்கும். ‘மோட் ஆன்’ எதிர்முனையை விசாரிக்காது. லைட் எரிந்தால் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐபி முகவரிகளைப் பார்த்துப் பாதை பிரிக்கும் சுவிட்ச் என்றால், சில ஏபிகள் நன்றாக ஓடும், சில கன்ட்ரோலரை விட்டுக் கழன்றுவிடும். கழன்ற ஏபியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும், ஐபி மாறாதவரை அதே செத்த பாதைக்குத்தான் போகும். இது தெரியாமல் ஏபி பழுது என்று புதிது வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறு ஏபியில் இல்லவே இல்லை!

இரு முனையிலும் எஸ்எஃப்பியை நேராகச் செருகுங்கள். கன்வெர்ட்டர் தவிர்க்க முடியாதென்றால் ‘லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ’ உள்ளதை வாங்கி, இரண்டு கன்வெர்ட்டரிலும் அதற்கான பொத்தானை ஆன் செய்யுங்கள். ஃபைபர் போனதும் காப்பர் லைட்டும் அணையும். சிஸ்கோவின் புதிய கன்ட்ரோலரான கேட்டலிஸ்ட் 9800 என்றால் எல்ஏசிபியே போடலாம். அது இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை எதிர்முனையை விசாரித்து, 90 நொடி பதில் இல்லையென்றால் அந்த லிங்க்கை விலக்கிவிடும்.

தனித்தனி சுவிட்ச்

ஸ்டாக் ஆகாத (ஒன்றாக இணைந்து ஒரே சுவிட்சாக நடக்காத) இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு போர்ட்-சேனலைப் பிரிக்காதீர்கள்.

விஎல்ஏஎன் சேர்க்கும்போது

புதிய விஎல்ஏஎன்னை (ஒரே ஒயரில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) போர்ட்-சேனலில் சேர்த்துவிடுங்கள். தனி போர்ட்டில் சேர்த்தால் மற்றதோடு பொருந்தாமல் அது வெளியே தள்ளப்படும்.

ஒரே கம்பம், ஒரே யுபிஎஸ்

இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் போனாலோ, இரண்டு பாதையின் கருவிகளும் ஒரே யுபிஎஸ்ஸில் ஓடினாலோ அது ஒரே அப்லிங்க்தான்.

சோதனை

சுவிட்ச் பக்கத்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள்; அங்கே லைட் அணைவதால் எப்போதும் வேலை செய்யும். நடுவில் உள்ள ஃபைபரைக் கழற்றுங்கள். ஏபிகள் இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறைதான் கன்ட்ரோலரைக் கூப்பிடும் என்பதால் மூன்று நிமிடமாவது பொறுத்து, கன்ட்ரோலரில் ஏபி எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஏபிக்கு பிங் போட்டுத் திருப்திப்பட வேண்டாம், அது உயிரோடிருக்கும் பாதையில் இருக்கலாம். முதல் ஃபைபரைத் திரும்பச் செருகி, எல்லா ஏபியும் வந்து சேர்ந்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.