வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளருக்குச் சம்பளம்: காப்பீட்டுக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

2024 மே 15 அன்று தென்னாப்பிரிக்க ஜனாதிபதி ராமபோசா தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதோடு சமூக சுகாதாரப் பணியாளர்களின் சம்பளப் பிரச்சினை தீர்ந்தது என்று டர்பனில் நினைப்பவர்கள் உண்டு. சட்டம் வந்துவிட்டது, பணம் வரவில்லை. பொது வரி, சம்பளத்தின் மீதான வரி, வருமான வரிக்கு மேல்வரி, மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) வரிச்சலுகையைத் திருப்பிவிடுதல் என்று வழிகளை மட்டுமே அது சொல்கிறது. வரி விதிக்கத் தனி மசோதா வேண்டும். அதை நம்பி, பணியாளர்களுக்கு இன்று வரும் அரசு மானியத்தைக் கோட்டைவிடக் கூடாது. வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாட்டில் சம்பளப் பிடித்தத்தை மட்டும் நம்புவதும் வீண்.

எனக்கு மிகவும் கவலை தருவது, ஒவ்வொரு வீட்டு வருகைக்கும் இவ்வளவு என்று பணியாளருக்கு விலை வைக்கும் யோசனை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆயாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். பணியாளர் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுகிறார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை குறையவே இல்லை. "வயித்தப் பொரட்டுது, அதான் விட்டுட்டேன்மா" என்கிறார் ஆயா. பிறகு கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் நாலு வாசலில் கையெழுத்து வாங்கினால் காசு அதிகம் என்றால், யார் டப்பாவைத் திறப்பார்கள்?

மக்கள்தொகைக்கு ஏற்பத் தலைக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது மேல். ஆனால் அதில் பணியாளர் பங்கைத் தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் டாக்டர் செலவும் மருந்துச் செலவும் அதை விழுங்கிவிடும்.

பணம் எந்தத் தலைப்பில் வருகிறதோ, வேலையும் அந்தத் தலைப்பில்தான் எண்ணப்படும். இந்தப் பணியாளர்களுக்கான பணம் பல ஆண்டுகள் எச்.ஐ.வி., காசநோய் மானியத்தோடு சேர்ந்தே வந்தது. நம் வீடுகளில் ஆளை முடக்குவதோ சர்க்கரை நோய். வெளிநாட்டு உதவியின் கதையும் தெரிந்ததே: 2025 தொடக்கத்தில் அமெரிக்கா பணத்தை நிறுத்தியதும் அதை நம்பியிருந்த களப்பணியாளர் பலர் வேலை இழந்தார்கள்.

இன்னொரு சறுக்கல், பணியாளருக்குத் தரும் மாத ஊக்கத்தொகையை மட்டும் செலவாகக் காட்டுவது. 2018 ஒப்பந்தப்படி அது மாதம் 3,500 ரேண்டாக இருந்தது. கௌடெங் மாகாணம் 2020-இல் தன் பணியாளர்களை நிரந்தரமாக்கியது. ஆனால் சம்பளம் மட்டும் போதாது; மேற்பார்வை நர்ஸ், பிரஷர் மெஷின், அதன் பேட்டரி, டாக்ஸிக்கான காசு இதெல்லாம் பட்ஜெட்டில் இல்லையென்றால் பணியாளரே கைக்காசு போட வேண்டியதுதான்.