கல்லூரி மானியமும் வில்லுப்பாட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது விண்ணப்ப வரைவை எனக்கு அனுப்பிவிடுவார்கள். "கோடையில் ஊருக்குப் போய் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இசைப் பட்டறை நடத்தப் போகிறேன், ஒரு தடவை பாருங்களேன்" என்று. மாணவர்களின் கோடைத் திட்டங்களுக்கென்று அங்கே பல கல்லூரிகளில் சிறு மானியம் உண்டு. பலருக்கும் தெரிந்த பெயர் ப்ராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ். கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் தன் நூறாவது பிறந்தநாளையொட்டி 2007இல் தொடங்கி வைத்தது. தேர்வாகும் திட்டத்துக்கு 10,000 டாலர். எனக்குக் கிடைத்தது அது அல்ல, அதைவிடச் சின்னது. அதை வைத்துத்தான் நெல்லைப் பக்கம் ஒரு கிராமத்தில் வில்லுப்பாட்டுப் பட்டறை நடத்தினேன். இப்போது வரும் வரைவுகளைப் படித்தால், என் பழைய விண்ணப்பத்தையே யாரோ பெயர் மாற்றி அனுப்பியதுபோல இருக்கிறது.

கெடு தேதி, எழுத்துப்பிழை இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

ஆடியில் பட்டறை வைப்பது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக்குக் கோடை விடுமுறை மே நடுவில் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை. ஊருக்கு வந்து, சொந்தக்காரர்களைப் பார்த்து, இடம் பிடித்து வேலையை ஆரம்பிக்க ஜூலை நடுவாகிவிடும். அதாவது ஆடி. நெல்லை, குமரிப் பக்கம் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடை, அதாவது ஊர்த் திருவிழா, நடக்கும் காலம். வில்லுப்பாட்டுக் குழுவுக்கு வருடச் சாப்பாடே பங்குனி தொட்டு ஆவணிவரை வரும் கொடைகளில்தான். முன்னின்று பாடும் புலவர், குடம் அடிப்பவர், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லோருக்கும் அதுதான் அறுவடை.

எனக்கு இது தெரியாமலில்லை. என் ஆச்சி வீட்டுத் தெருமுனையில் வருடா வருடம் கேட்டது. ஆனால் விண்ணப்பம் எழுதும்போது என் முன்னால் இருந்தது கல்லூரி நாள்காட்டி மட்டும். மார்ச்சில் புலவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, ஆடில மூணு வாரம் நமக்கு ஒதுக்கி வைங்க, காசு வந்துரும்" என்றேன். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வெற்றிலை பாக்கும் இல்லை, அச்சாரமும் இல்லை. ஊர்க்காரர்கள் கொடைக்குக் கூப்பிட வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு அச்சாரப் பணம் வைத்துத்தான் தேதி கேட்பார்கள். நான் வெறும் போனில் கேட்டேன்.

பணம் எப்படிக் கைமாறும் என்றும் யோசிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஓர் அறக்கட்டளை. அவர்கள் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து கலைஞர்களுக்குக் கொடுக்கலாம் என்று விண்ணப்பத்தில் அழகாக எழுதிவிட்டேன். வெளிநாட்டு நன்கொடையை வாங்க 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு வேண்டும். அந்த அறக்கட்டளைக்கு அது இல்லை. ஜூலையில்தான் சொன்னார்கள், நானும் ஜூலையில்தான் கேட்டேன். இன்றைக்கு நிலைமை இன்னும் இறுக்கம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு உள்ள அமைப்புகூட அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பணம் முதலில் வந்து சேர வேண்டியதும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில். "பதிவு உள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கி நம்ம ஆட்களுக்குத் தரும்" என்று இன்னும் வரைவுகளில் எழுதுகிறார்கள்.

சரி, நீயே செலவு செய், ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம் என்றது கல்லூரி. மாணவனிடம் ஏது கைக்காசு? புலவர் ஆடியில் வந்த மூன்று கொடைகளை எனக்காக விட்டிருந்தார். குடம் அடிப்பவருக்கும் உடுக்கைக்காரருக்கும் தன் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார், அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பணம் போய்ச் சேர்ந்தபோது ஆவணி பாதி முடிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "வாய்ச்சொல்லுக்குத் தேதி கொடுத்தது என் தப்பு தம்பி" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், என் பட்ஜெட்டின் முதல் வரியில் சென்னையிலிருந்து வரும் வீடியோகிராஃபருக்குச் சம்பளம், பாதி முன்பணம், பேட்டா எல்லாம் இருந்தது. புலவர் இருந்தது வேறொரு பத்தியில், "சமூகப் பங்குதாரர்" என்ற பட்டத்தோடு. போக்குவரத்தும் மதியச் சாப்பாடும் ஒதுக்கியிருந்தேன். போன மாதம் வந்த ஒரு வரைவிலும் இதே பட்டம், இதே சாப்பாடு. படித்துவிட்டு மடிக்கணினியை மூடிவைத்துவிட்டேன்.

என்ன செய்யலாம்? விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன் புலவரின் தேதி நோட்டைப் பாருங்கள். கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டியே வரும். ஞாயிறு அவருக்கும் ஓய்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை. மூன்று வாரம் தொடர்ச்சியாக என்பதை எட்டு ஞாயிறு என்று மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்லூரி குளிர்கால விடுமுறையிலும் செலவழிக்க விட்டால் இன்னும் நல்லது. மார்கழியில் கொடை குறைவு, பள்ளிகளுக்கும் அரையாண்டு விடுமுறை. கலைஞருக்குப் போவது நன்கொடை அல்ல, வேலைக்குச் சம்பளம். பட்ஜெட்டில் அதே சொல்லைப் போட்டு முதல் வரியில் வையுங்கள். அச்சாரத்துக்கு மட்டும் முன்கூட்டிப் பணம் தருவார்களா என்று கணக்குப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வீட்டில் கடன் வாங்குங்கள். புலவரிடம் வாங்காதீர்கள், நான் வாங்கியது அதுதான். மற்ற சட்டச் சிக்கலுக்கு ஊரில் ஓர் ஆடிட்டரை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும்.

வாத்தியம் வாங்கிக் குவிப்பது

மானியத்தில் பாதியை வாத்தியத்தில் போட்டால் புகைப்படம் நன்றாக வரும். பறை இருபது வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். தோல் பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்ற வேண்டும். வகுப்பறையில் எங்கே தீ மூட்டுவது? ஐப்பசி மழையில் தோல் தளர்ந்து, இருபதும் அலமாரிக்குள் போய்விட்டன. ஐந்து வாங்குங்கள். மிச்சத்தைத் தோல் மாற்றவும், வாரம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கும் வையுங்கள்.

"விழிப்புணர்வு"

அந்தச் சொல்லை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாட்டைப் பதிவு செய்ய ஒரு கையெழுத்து போதும் என்று நினைப்பது

ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஒப்புதல் படிவம், கீழே ஒரு கையெழுத்து. கல்லூரி நெறிமுறைக் குழு திருப்தியாகிவிடும். பாடியவருக்கு என்ன புரிந்தது? நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை இருக்கிறது என்று நம் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், எங்கே போடப்போகிறீர்கள், எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா என்பதையும் சேருங்கள்.

கேட்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. பட்டறையின் கடைசி நாள் பள்ளி மேடையில் வரத்துப்பாட்டைப் பாடச் சொன்னேன், படத்துக்கு விறுவிறுப்பாக இருக்கும் என்று. அது சாமியை அழைக்கும் பாட்டு. கொடையில் அதற்கென்று ஒரு நேரம், சாமியாடி நிற்கும் இடம் எல்லாம் உண்டு. புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அதச் சும்மா பாடக்கூடாது தம்பி, வந்துட்டா யார் பதில் சொல்லுவா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. எதைப் பாடலாம், எதைப் பதியலாம் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரே திரளும் என்று எழுதுவது

முப்பது பேர் வருவார்கள். முப்பது என்றே எழுதுங்கள்.

ரசீது

டீக்கடையில் பில் கிடைக்காது, ஆட்டோவில் கிடைக்காது. ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். போஸ்ட் ஆபீஸில் கிடைக்கும். ஊரில் இறங்கியதும் பத்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொடைக்காலத்தில் அதற்கென்று டவுனுக்கு பஸ் பிடித்தால் ஒரு நாள் போய்விடும்.