ஸ்கேட் கெடுவது ஐஸில் அல்ல, பையில்

மகள் முதன்முதலாக ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸில் சறுக்கியபடி சுழன்றும் தாவியும் ஆடுவது) பழகப் போனபோது ஸ்கேட்டை, அதாவது அடியில் பிளேடு பூட்டிய பூட்ஸை, நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கினோம். பையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய ஜிம் பை போதும் என்று விட்டுவிட்டோம். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிளேடைக் காக்கும் பிளாஸ்டிக் உறையான கார்டை மாட்டி, பையின் ஜிப்பை இழுத்து மூடி, காரின் பின்பக்கம் போட்டேன். அந்த வாரம் வேலை அதிகம், மறந்தே போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ரிங்கில் (ஐஸ் அரங்கில்) கார்டைக் கழற்றினால் பிளேடின் விளிம்பு நெடுகச் செம்மண் நிறத்தில் துரு. பூட்ஸுக்குள் கை விட்டால் இன்னும் ஈரம். மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். பழகுகிற பிள்ளை ஐஸில் நிற்பது இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். மிச்சம் 166 மணி நேரம் ஸ்கேட் எங்கே, எப்படி இருக்கிறது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ரொறொன்ரோ பக்கத்து ரிங்குகளில் எங்கள் பிள்ளைகளும் இப்போது நிறையப் பேர் பழகுவதால், நான் செய்த தவறுகளையும் அருகில் இருந்து பார்த்த தவறுகளையும் எழுதி வைக்கிறேன்.

கார்ட் வேறு, சோக்கர் வேறு

புதிதாக வருகிற பெற்றோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். கெட்டியான பிளாஸ்டிக் கார்ட் நடப்பதற்கு. ரிங்கில் ரப்பர் தரைதானே, அப்படியே நடந்தால் என்ன என்று தோன்றும். அந்த ரப்பர் மேல் எல்லோருடைய குளிர்காலச் சப்பாத்தும் கொண்டுவந்த மணலும் உப்புக் கல்லும் கிடக்கிறது. வாசலுக்கு வெளியே சிமெந்துத் தரையில் நாலடி வைத்தால் போதும், விளிம்பு மழுங்கிவிடும். ஆகவே ஐஸை விட்டு வெளியே காலை வைத்ததும் கார்ட். திரும்ப ஐஸில் இறங்கும்போது அதைக் கழற்ற மறக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை விழுந்தால் தானாகப் புரியும்.

சோக்கர் என்பது துவாய்த் துணியில் தைத்த உறை. ஸ்கேட் பையில் இருக்கும் நேரத்துக்கு அது. கார்டின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், சோக்கரில் தேங்காது. ஆனால் சோக்கர்தான் இருக்கிறதே, அது உறிஞ்சிக்கொள்ளும் என்று துடைக்காமல் மாட்டினால், நனைந்த துணியைப் பிளேடில் சுற்றி வைத்ததற்குச் சமம். முதலில் துடைக்க வேண்டும். பிளேடின் அடிப்பக்கம் மட்டுமல்ல, பிளேடு பூட்ஸின் அடியோடு சேரும் இடம், திருகாணிகளைச் சுற்றி, முன்னால் இருக்கும் டோ பிக் பற்களின் இடுக்கு எல்லாவற்றையும்.

பளபளவென்று இருக்கும் பிளேடுக்கு ஏன் துரு பிடிக்கிறது? பெரும்பாலான பிளேடுகள் கார்பன் எஃகில் செய்து மேலே குரோம் பூச்சு கொடுத்தவை. சாணை பிடிக்கும்போது அடிப்பக்கத்துப் பூச்சு தேய்ந்து போய்விடும். எந்த விளிம்பு ஐஸைப் பிடிக்க வேண்டுமோ அந்த விளிம்புதான் பாதுகாப்பில்லாமல் நிற்கிறது. துரு அங்கேதான் முதலில் வரும்.

ரிங்கில் ஒழுங்காகத் துடைத்தவர்களுக்கும் துரு வருவதுண்டு. வெளிக்குளிரில் இருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறது இல்லையா, அதேதான் பிளேடுக்கும் நடக்கிறது. குளிர்ந்த எஃகின் மேல் வீட்டுக் காற்றின் ஈரம் படிந்து வியர்த்துவிடும். எனவே வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை துடைத்து, காய்ந்த சோக்கரை மாட்டுங்கள். இதற்காகவே எங்கள் வீட்டில் இரண்டு சோடி சோக்கர் இருக்கிறது.

பூட்ஸைச் சுடவைக்க வேண்டாம்

ஈரம் வெளியே இருந்து மட்டும் வருவதில்லை, பாதி காலின் வியர்வை. லேசை நன்றாகத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று தரையில் சூடான காற்று வருகிற துவாரத்தின் மேல் வைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை. தோல் வறண்டு வெடிக்கும், அடியில் ஒட்டிய பசை விடும். கடையில் பூட்ஸைச் சூடாக்கித்தானே காலுக்குப் பொருத்தினார்கள் என்று கேட்கலாம். அது அந்தப் பூட்ஸுக்கென்று சொன்ன சூட்டில், சொன்ன நேரத்துக்குச் செய்வது. வீட்டு ஓவனில் முயற்சி செய்யாதீர்கள். கார் டிக்கியும் ஸ்கேட்டுக்கு வீடு அல்ல. குளிர்காலத்தில் பூட்ஸ் கட்டை மாதிரி விறைக்கும், கோடையில் வெந்துவிடும்.

தோல் அடி வைத்த பூட்ஸாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அடியும் குதியும் தண்ணீர் குடிக்கும். திருகாணித் துளை வழியாக உள்ளே போனால் உள்ளிருந்து ஊறி, திருகாணி பிடியில்லாமல் ஆடத் தொடங்கும். புதிதாக வாங்கியதும் தண்ணீர் புகாத பூச்சு கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எல்லாத் திருகாணியையும் கையால் பாருங்கள். தளர்ந்திருந்தால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். பலம் காட்டினால் துளை பெருத்துவிடும்.

பை வாங்கும்போது

இப்போது பைக்கு வருவோம். மழை புகாத பை நல்ல பை என்பது பயணப் பைக்குச் சரி. ஸ்கேட் பையில் தண்ணீர் உள்ளே இருந்து வருகிறது, அது வெளியே போக வழி வேண்டும். பக்கத்தில் வலைத்துணி அல்லது காற்றுத்துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது அறைகள். ஒரே பெரிய வயிறாக இருக்கும் பையில் இடது பிளேடு வலது பூட்ஸின் தோலைக் கிழிக்கும், நனைந்த கையுறை காய்ந்த உடுப்பின் மேல் கிடக்கும். ஒவ்வொரு பூட்ஸுக்கும் தனி அறை உள்ள முதுகுப் பைகள் இருக்கின்றன, சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஹெல்மெட்டை மறந்துவிடாதீர்கள். ஸ்கேட் கனடா அமைப்பின் தொடக்கநிலை வகுப்பான கான்ஸ்கேட்டில் ஐந்தாம் படி வரை ஹெல்மெட் கட்டாயம். பையை ஸ்கேட்டுக்கு மட்டும் அளந்து வாங்கிவிட்டு, ஹெல்மெட்டை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிற அம்மாக்களை ஒவ்வொரு சனியும் பார்க்கிறேன். கடைக்குப் போகும்போது ஸ்கேட்டையும் ஹெல்மெட்டையும் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் சக்கரப் பை. ஸூக்கா போன்ற, அலுமினியச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து லேஸ் கட்டக்கூடிய பைகள் பிள்ளைகளுக்குக் கனவு. சக்கரத்தில் மின்னுகிற விளக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாரம் நாலு நாள் பழகுகிற, உடுப்பும் பயிற்சிச் சப்பாத்தும் சேர்த்துச் சுமக்கிற பிள்ளைக்கு அது நியாயமான செலவு. வாரம் ஒருமுறை போகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் அதை இழுக்கப்போவது நீங்கள்தான். பனி கரைந்த சேறும் உப்பும் கிடக்கிற பார்க்கிங்கில் இழுத்தால் சக்கரம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவரும். பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குத் தோளில் மாட்டுவதே வசதி.

எந்தப் பையாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் காலி செய்யுங்கள். அடுத்த வகுப்புக்குப் புறப்படும்போது திரும்ப அடுக்கினால் போதும்.

பைக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டியவை சில உண்டு. துடைக்கத் துவாய், திருகாணிக்குச் சிறிய திருப்புளி, பிளாஸ்டர். முக்கியமாகச் சரியான நீளத்தில் ஒரு சோடி லேஸ். லேஸா என்று சிரிக்காதீர்கள். 1994 பெப்ரவரி 25, நோர்வேயின் லில்லெஹாமர் ஒலிம்பிக். அமெரிக்க வீராங்கனை டோன்யா ஹார்டிங்கின் லேஸ் ஆட்டத்துக்குச் சற்று முன் அறுந்துபோனது. கிடைத்த மாற்று லேஸ் நீளம் போதவில்லை. கடைசி நொடியில் ஐஸுக்கு வந்து, முதல் தாவல் பிசகியதும் ஆட்டத்தை நிறுத்தி, அழுதுகொண்டே நடுவர் மேசையின் மேல் காலைத் தூக்கி வைத்துக் காட்டினார். திரும்ப ஆட அனுமதி கிடைத்தது. கடைசியில் எட்டாம் இடம். அன்று பாவம் யார் என்றால், இந்தக் குழப்பத்தால் எதிர்பார்த்ததற்கு முன்பே ஐஸில் இறங்க வேண்டி வந்த கனடாவின் ஜோசே ஷுவினார்தான்.

சாணை பிடிப்பவர் எல்லோரும் ஒன்றல்ல

கனடாவில் சாணை பிடிக்கும் கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரும்பாலும் ஹாக்கி ஸ்கேட்டுக்கு. ஹாக்கி பிளேடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்பு, ஃபிகர் பிளேடு 4 மில்லிமீட்டர் அளவில் வரும், முன்னால் பற்களும் உண்டு. பழக்கமில்லாதவர் கையில் கொடுத்தால் கீழ்ப் பல்லைத் தேய்த்துவிடுவார். அந்தப் பல் போனால் சுழலும்போதும் தாவும்போதும் பிள்ளையின் சமநிலை மாறிவிடும், தேய்ந்த எஃகைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஃபிகர் ஸ்கேட் செய்வீர்களா என்று கேட்பதோடு நிற்காமல், உங்கள் பயிற்சியாளர் தன் ஸ்கேட்டை எங்கே கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

பொதுவாக 20 முதல் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை போதும். வாரம் ஒரு மணி நேரம் பழகுகிற பிள்ளைக்கு ஏறக்குறைய அரை வருடம். சிலர் ஒவ்வொரு மாதமும் ஓடுகிறார்கள். ஒவ்வொரு சாணையும் பிளேடின் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்கிறது. இன்னொரு பக்கம், புதுப் பெட்டியில் இருந்து எடுத்த ஸ்கேட்டைச் சாணையே பிடிக்காமல் மாட்டிவிட்டு, பிள்ளைக்கு வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. தொடக்கநிலை ஸ்கேட்டுகள் பல, சரியான விளிம்பு இல்லாமல்தான் வருகின்றன.

சாணை முடிந்து வந்ததும் பிளேடை மேல்நோக்கிப் பிடித்து, அடியில் இருபுறமும் ஓடும் இரண்டு விளிம்புக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். பிளேடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்புகள் சமமில்லை, திருப்பிக் கொடுங்கள்.

வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது பற்றி ஒரு வரி: குதி உள்ளே ஏறி இறங்கினால் கணுக்கால் வளையும், பிள்ளை அதை ஸ்கேட்டிங் என்று பழகிக்கொள்ளும். தடித்த இரண்டு காலுறை போட்டு இடைவெளியை நிரப்புவதும் உதவாது.

சீசன் முடிந்ததும் பிளேடில் மெல்லிதாக எண்ணெய் தடவி, பூட்ஸ் முழுவதும் காய்ந்தபின், பைக்கு வெளியே, வீட்டுக்குள்ளேயே வையுங்கள். ஈரமான பேஸ்மென்ட் மூலை வேண்டாம். சிறுத்துப்போன சோடியை விற்கவோ வாங்கவோ போகிறீர்கள் என்றால் பூட்ஸின் வெள்ளையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கணுக்கால் பகுதியைக் கையால் அமுக்கிப் பாருங்கள், துணி மாதிரி மடிந்தால் வேண்டாம். கீழ்ப் பல் இருக்கிறதா, பிளேடில் சாணைக்கு இன்னும் எஃகு மிச்சம் இருக்கிறதா, திருகாணியைச் சுற்றித் துருக்கறை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் சோடியை விற்றபோது வாங்க வந்தவர் கார்டைக் கழற்றி அந்தத் துரு வடுவைத்தான் முதலில் பார்த்தார். இருபது டொலர் குறைத்துக் கொடுத்தேன்.