வடிவொத்த முக்கோணக் கணக்குக்கு இணையத்தில் உதவி கேட்பது எப்படி?

பத்தாம் வகுப்பு வடிவியலில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் வடிவொத்த முக்கோணங்கள்தான், அதாவது வடிவம் ஒன்றாக இருந்து அளவு மட்டும் வேறுபடக்கூடிய முக்கோணங்கள். இணையத்தில் தேடினால் விடை ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் தேர்வில் மதிப்பெண் விடைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வரிக்கும் எழுதும் காரணத்துக்கும் உண்டு. அதனால் விடையைக் கேட்காமல், சிக்கிய இடத்தைக் கேட்கப் பழக வேண்டும். அதை ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

படி 1: படத்தை நீங்களே வரையுங்கள்

கணக்கு இது: முக்கோணம் ஏபிசி-யில் ஏபி மேல் டி என்ற புள்ளி, ஏசி மேல் இ என்ற புள்ளி. டிஇ கோடு பிசி-க்கு இணை. ஏடி = 4 செ.மீ., டிபி = 2 செ.மீ., பிசி = 9 செ.மீ. டிஇ-யின் நீளம் என்ன?

புத்தகத்தில் படம் இருந்தாலும் நோட்டில் பெரிதாக ஒரு தடவை வரையுங்கள். கொடுத்த அளவுகளைப் பக்கத்திலேயே குறியுங்கள். இணைகோடுகளுக்கு அம்புக்குறி போடுங்கள். பாதிச் சந்தேகம் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: கோணங்களில் தொடங்குங்கள்

டிஇ, பிசி இரண்டும் இணை, ஏபி குறுக்குவெட்டி. எனவே கோணம் ஏடிஇ = கோணம் ஏபிசி. காரணம்: ஒத்த கோணங்கள். கோணம் ஏ இரண்டு முக்கோணத்துக்கும் பொது. இரண்டு கோணங்கள் சமமாகிவிட்டதால் கோ-கோ (கோணம்-கோணம்) விதிப்படி முக்கோணம் ஏடிஇ, முக்கோணம் ஏபிசி வடிவொத்தவை.

எழுத்துகளின் வரிசையைக் கவனியுங்கள். ஏ-க்கு ஏ, டி-க்கு பி, இ-க்கு சி. இந்த வரிசை சரியாக இருந்தால் எந்தப் பக்கத்துக்கு எது ஜோடி என்பது தானாகவே தெரியும்.

படி 3: கேள்வியை எழுத்தில் கேளுங்கள்

"இதைப் போட்டுக் கொடுங்கள்" என்று மங்கலான போட்டோவை மட்டும் அனுப்பினால் நல்ல பதில் வராது. சாட்ஜிபிடி போன்ற செயலிகள் படத்தைத் தவறாகப் படிப்பதும் உண்டு. டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையே மாற்றி எடுத்துக்கொள்ளலாம். அதனால் படத்தில் இருப்பதை வார்த்தையில் எழுதி, நீங்கள் செய்ததையும் சேருங்கள். இப்படி:

"ஏபி மேல் டி, ஏசி மேல் இ. டிஇ, பிசி-க்கு இணை. ஏடி 4, டிபி 2, பிசி 9. நான் ஏடி/டிபி = டிஇ/பிசி என்று எழுதினேன். 18 வருகிறது. எந்த வரியில் தவறு? விடை வேண்டாம், காரணம் மட்டும் சொல்லுங்கள்."

எல்லோரும் பார்க்கும் தளத்தில் கேட்கும்போது உங்கள் பெயர், பள்ளி, போன் எண் எதையும் போட வேண்டாம்.

படி 4: வந்த பதிலைச் சோதியுங்கள்

டிஇ முக்கோணத்துக்கு உள்ளே, உச்சிப் பக்கம் இருக்கும் கோடு. அது பிசி-யைவிடச் சின்னதாகத்தான் இருக்க முடியும். அப்புறம் 18 எப்படி வரும்? யார் சொன்ன விடையாக இருந்தாலும் முதலில் இப்படிப் பாருங்கள்.

தவறு எங்கே என்றால், ஏடி/டிபி என்பது ஒரே பக்கத்தின் இரண்டு துண்டுகளின் விகிதம். ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்பது தேல்ஸ் தேற்றம். அதன்படி அது ஏஇ/இசி-க்குச் சமம், அவ்வளவுதான். டிஇ, பிசி இரண்டும் துண்டுகள் அல்ல, சின்ன முக்கோணத்தின் பக்கமும் பெரிய முக்கோணத்தின் பக்கமும். அவற்றுக்கு முழுப் பக்கத்தை எடுக்க வேண்டும்: ஏடி/ஏபி = டிஇ/பிசி. ஏபி = 4 + 2 = 6. ஆக 4/6 = டிஇ/9, டிஇ = 6 செ.மீ. இந்த ஒரு இடத்தில் எத்தனையோ பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். தயவுசெய்து இதை மனதில் நிறுத்துங்கள்.

படி 5: ஜியோஜீப்ராவில் கண்ணால் பாருங்கள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய, வடிவியல் படம் வரைந்து பார்க்கும் மென்பொருள் இது. இலவசம், போனிலும் ஓடும். நம் பாடநூலின் 'இணையச் செயல்பாடு' பக்கங்களிலும் இதைப் பார்க்கலாம்.

ஏ = (0, 6), பி = (0, 0), சி = (9, 0), டி = (0, 2) என்று உள்ளிடுங்கள். பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். சின்ன எழுத்தில் தட்டினால் அதைப் புள்ளியாக எடுக்காமல் வெக்டராக (திசை காட்டும் அம்புக்கோடாக) எடுத்துக்கொள்ளும். ஏபிசி-யைப் பலகோணக் கருவியால் இணையுங்கள். டி வழியாக பிசி-க்கு இணைகோடு போட்டு, அது ஏசி-யை வெட்டும் இடத்தை இ என்று குறியுங்கள். டிஇ-யை அளந்தால் 6 வரும். இப்போது சி-யை இழுங்கள். முக்கோணம் எப்படிச் சாய்ந்தாலும் டிஇ, பிசி-யில் மூன்றில் இரண்டு பங்காகவே இருக்கும். இதைத் திரையில் பார்த்த பிள்ளைக்கு விகிதத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

படி 6: எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தனியாகப் போடுங்கள்

பிசி-யை மட்டும் 12 செ.மீ. என்று மாற்றி, காரணங்களோடு முழுக்க எழுதுங்கள். டிஇ 8 செ.மீ. வர வேண்டும். வந்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம். வராவிட்டால் எந்த வரியில் நின்றீர்களோ, அந்த வரியை மட்டும் மறுபடி கேளுங்கள்.